பாத்துப் போட்டுக் குடுங்க

எங்கள் கம்பெனியில் மரியாதைக்கு ஒரு குறையும் கிடையாது. வாட்ச்மேனில் தொடங்கி முதலாளி வரைக்கும் எல்லோரும் எல்லோருக்கும் ‘ங்க’ போட்டுத்தான் பேசுவார்கள். மோட்டார் எரிந்துபோய்க் கடையிலிருந்து திரும்பி வந்தால்கூட, “ஏனுங்க, இதைக் கொஞ்சம் பாத்திருக்கலாமுங்களே” என்பதோடு சரி. மதுரைப் பக்கமிருந்து வேலைக்கு வந்த ஒருவர், தன்னைத் திட்டியிருக்கிறார்கள் என்பதே தெரியாமல் “சரிங்க, தேங்க்ஸுங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். அவருக்குப் புரிய வைப்பதற்குள் எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

சேர்ந்த புதிதில் இந்த ‘ங்க’ எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. கோபிக்குப் பக்கத்தில் வயல்வேலை செய்த குடும்பம் எங்களுடையது. ஊரில் என் அம்மாவை, அவர் இடுப்பில் தூக்கி வளர்த்த பண்ணைவீட்டுப் பிள்ளைகள்கூட வளர்ந்தபின் ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டார்கள். நான் ஐ.டி.ஐ. முடித்துவிட்டுக் கோயமுத்தூரில் கணபதியைத் தாண்டி இருக்கிற இந்த மோட்டார் கம்பெனிக்கு வேலை கேட்டு வந்தபோது, முதலாளியே “வாங்க அம்மணி, உக்காருங்க” என்றார். வீட்டுக்குப் போய் அதைச் சொல்லிச் சொல்லிப் பூரித்துப் போனேன். ‘ங்க’ போடுவதற்கு யாருக்கும் பைசா செலவில்லை என்பது புரியப் பல வருடங்கள் ஆயின.

நாங்கள் செய்வது போர்வெல்லுக்குள் இறக்குகிற மோட்டார். அதன் பெயர் முதலாளி மனைவியின் பெயர். இரும்பில் வார்த்து, பெயிண்ட் அடித்து, லாரி ஏற்றி ராஜஸ்தான் வரைக்கும் அனுப்புவோம். கம்பெனியும் பேப்பரில் அந்தம்மா பெயரில்தான் இருக்கிறது. மாதத்தில் சில நாள் காரில் வந்து, முதலாளி ரூமில் ஓரமாக உட்கார்ந்து, நீட்டுகிற காகிதங்களில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். எங்களைப் பார்த்தால் சிரிப்பார். அதற்கு மேல் நாங்களும் பேசியதில்லை, அவரும் பேசியதில்லை.

‘காயில்’ என்கிற செம்புச் சுருளைக் கட்டுகிற செக்‌ஷன் முழுக்கப் பெண்கள். ஸ்டேட்டர் என்கிற இரும்புக் கூட்டுக்குள் இருக்கிற சின்னச் சின்னச் சந்துகளில் செம்புக் கம்பியைக் கையால் நுழைத்து நுழைத்துச் சுற்ற வேண்டும். கம்பியின் மேல்தோல் ஓரிடத்தில் உரசினாலும் மோட்டார் தண்ணிக்குள் போனதும் செத்துவிடும். ஆம்பளைகளுக்கு அந்தப் பொறுமை வராது என்று சொல்லிப் பெண்களை வைப்பார்கள். பொறுமைக்கு என்று சம்பளத்தில் தனியாக எதுவும் சேர்க்கமாட்டார்கள். எனக்கும் பொறுமை கிடையாது. கை சுத்தம், அவ்வளவுதான். அப்படியே கட்டிக்கட்டி அந்த செக்‌ஷனுக்கு இன்சார்ஜ் ஆனேன்.

எங்கள் சூப்பர்வைசர் ஒரு தீபாவளி போனஸை வாங்கிய கையோடு வேலையை விட்டுவிட்டார். கோயமுத்தூரில் இது சகஜம். எந்த சூப்பர்வைசராக இருந்தாலும் தொழிலைக் கற்றுக்கொண்டு, சின்னதாக ஒரு ஷெட் பிடித்து, மாமனாரிடம் பணம் வாங்கி, அதே மோட்டாரை வேறு பெயரில் போடுவார். முதலாளியே ஒரு காலத்தில் அப்படி வந்தவர்தான், அதனால் கோபித்துக்கொள்ளவில்லை. என்னைக் கூப்பிட்டு, “அம்மணி, கொஞ்ச நாளைக்கு நீங்களே எல்லாத்தையும் பாத்துக்குங்க” என்றார்.

அந்தக் கொஞ்ச நாள் இரண்டு ஆயுத பூஜைகளைத் தாண்டியது. காயில், அசெம்பிளி, டெஸ்டிங் மூன்றும் என் தலையில். கோடைக்கு முன்னால் ஆர்டர் குவிகிற மாதங்களில் செம்புக் கம்பி வந்ததா, யார் லீவு, எந்த மோட்டார் ஏன் சூடாகிறது என்று நாள் முழுக்க ஓட்டம்.

அசெம்பிளியில் ஒரு மூத்த ஃபிட்டர் இருந்தார். பொம்பளை சொல்லி வேலை செய்வது அவருக்கு ஆகாது. ஆனால் மரியாதையையும் விட முடியாது. அதனால் என்னைப் பார்க்காமல் கிரேனைப் பார்த்துப் பேசுவார். “ஷாஃப்ட்டு இன்னும் வரலையாமுங்க” என்று கிரேனிடம் சொல்வார். நானும் கிரேனிடமே “மத்தியானம் வந்துருமுங்க” என்று சொல்வேன். மாதக்கணக்கில் அந்தக் கிரேன் எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் உழைத்தது. ஒருநாள் நான் சரி செய்து கொடுத்த ஒரு மோட்டார் ஓடியதைப் பார்த்துவிட்டு, முதன்முதலாக என் முகத்தைப் பார்த்து “பரவால்லைங்க” என்றார். அன்றைக்கு எனக்கிருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

சம்பளம் மட்டும் அதே இன்சார்ஜ் சம்பளம், இருபதாயிரத்தைச் சொட்டுச் சொட்டாகத் தாண்டியது. பழைய சூப்பர்வைசர் ஒருநாள் ஏதோ உதிரிப்பாகம் கடன் கேட்டு வந்தவர், டீ குடிக்கும்போது, “உங்களுக்கு இப்ப எவ்வளவுங்க போடறாங்க?” என்று கேட்டார். சொன்னேன். டீயைக் கீழே வைத்துவிட்டார். “எனக்கு முப்பத்தஞ்சு போட்டாங்களேங்க” என்றார். பிறகு அவருக்கே சங்கடமாகி, மழையைப் பற்றிப் பேச ஆரம்பித்தார்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் கெட்டது. முப்பத்தஞ்சு வந்தால் கடனில்லாமல் என் பெண்ணை இன்ஜினீயரிங் சேர்க்கலாம். அது ஒரு பக்கம். அதே வேலையை அதே இடத்தில் நின்று செய்கிற எனக்கு எதற்குக் குறைச்சல் என்ற எரிச்சல் அதைவிடப் பெரிதாக இருந்தது.

துணிந்து ஒருநாள் உள்ளே போய், “சம்பள விசயமா பேசோணுங்க” என்றேன். முதலாளி ரொம்பப் பிரியமாகச் சிரித்தார்.

“அதுக்கென்னுங்க அம்மணி. ஊட்டுக்காரரை ஒருநாள் வரச் சொல்லுங்க. பேசிக்கலாம்.”

அவர் இளக்காரமாகச் சொல்லவில்லை, சத்தியமாக இல்லை. ஒரு வீட்டுப் பொம்பளையிடம் நேருக்கு நேர் காசு பேசுவது அவருக்கு மரியாதைக் குறைவு. என்னைக் கௌரவிப்பதாகத்தான் நினைத்துக்கொண்டார். அதுதான் இன்னும் வயிற்றெரிச்சல். திட்டியிருந்தாலாவது பதிலுக்கு ஏதாவது சொல்லியிருக்கலாம்.

என் வீட்டுக்காரர் உக்கடத்திலிருந்து பொள்ளாச்சிக்கு ஓடுகிற தனியார் பஸ்ஸில் டிரைவர். மோட்டாரைப் பற்றி அவருக்குத் தெரிந்தது சுவிட்சைப் போட்டால் ஓடும் என்பது மட்டும். “நான் எதுக்கு அங்க?” என்று இழுத்தார். ஆனால் வெளுத்த சட்டை ஒன்றை எடுத்துத் தானே இஸ்திரி போட்டுக்கொண்டார். நான் முப்பத்தஞ்சு என்று சொல்லிச் சொல்லிக் கூட்டிப் போனேன். கம்பெனி வாசலிலும் ஒருமுறை சொன்னேன்.

கூடவே நானும் ரூமுக்குள் போனேன். முதலாளி எழுந்து நின்று அவரை வரவேற்றார், நாற்காலி போடச் சொன்னார். காபி வந்தது. என்னைப் பார்த்து, “நீங்க போயி வேலையைப் பாருங்க அம்மணி, நாங்க பேசிக்கறோம்” என்றார். என் சம்பளத்தைப் பேசுவதற்காக என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள். வந்து ஸ்டேட்டர் முன்னால் நின்றேன். கம்பி எங்கே போகிறது, எங்கே வருகிறது என்று ஒன்றும் தெரியவில்லை.

வெளியே வந்த வீட்டுக்காரர் முகம் மலர்ந்திருந்தது. “தங்கமான மனுசன். அவருக்குப் பொள்ளாச்சியில தோப்பு இருக்குது தெரியுமா? தேங்காய் வெலையைப் பத்தியே அத்தன நேரம் பேசினாரு” என்றார்.

“சம்பளம்?”

“அதுவும் கேட்டாரு. எவ்வளவு எதிர்பாக்கறீங்கன்னாரு.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“என்ன சொல்றது? உங்களுக்குத் தெரியாததுங்களா, நீங்களே பாத்துப் போட்டுக் குடுங்கன்னேன்.”

எங்கள் பக்கத்தில் இதைத் தவிர வேறு பதிலை யாரும் எதிர்பார்ப்பதில்லை. எவ்வளவு வேணும் என்று எதிராளி கேட்பது மரியாதைக்கு. பாத்துப் போட்டுக் குடுங்க என்று நாம் சொல்வது பதில் மரியாதைக்கு. கொடுக்கிற இடத்தில் இருப்பவர் பெரிய மனதோடு ஒரு தொகையைச் சொல்வார். அது என்னவாக இருந்தாலும் சந்தோஷமுங்க என்று வாங்கிக்கொள்ள வேண்டும். தொகையை வாய்விட்டுச் சொன்னால் திமிர் பிடித்தவர் என்று அர்த்தம். என் அம்மா அறுவடை முடிந்ததும் களத்து ஓரத்தில் நின்று இதே வார்த்தையைத்தான் சொல்வார். நின்றுகொண்டு சொல்கிறவருக்கும் உட்கார்ந்து கேட்கிறவருக்கும் நடுவில் அந்த வார்த்தை யாருக்கு லாபம் தந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

அந்த மாதம் ஆயிரத்து ஐந்நூறு ரூபாய் கூடுதலாக வந்தது. ஒரு கேஸ் சிலிண்டர் வாங்கிவிட்டு மிச்சத்தில் ரெண்டு நாள் காய்கறி வாங்கலாம். கூடவே வீட்டுக்கு ஒரு கிலோ மைசூர்பாகும் கொடுத்தனுப்பினார் முதலாளி.

அன்றைக்கு நான் சும்மா இருக்கவில்லை. “உங்க பஸ்ஸுல ஒருத்தரு ஏறி, டிக்கெட்டுக்கு நீங்களே பாத்து எடுத்துக்குங்கன்னு கையை நீட்டினா உங்க கண்டக்டரு உட்டுருவாரா?” என்று கேட்டேன்.

“அது வேற, இது வேற” என்றார்.

“என்ன வேற?”

“அது காசு. இது மரியாதை.”

மைசூர்பாகை எடுத்துக்கொண்டு முன்னறைக்குப் போய்விட்டார். நல்ல மனிதர். பத்துப் பேர் முன்னால் என்னை ஒரு வார்த்தை விட்டுக்கொடுக்கமாட்டார். காசு பேசச் சொன்னால் மட்டும் பெண்பிள்ளையைவிடக் கூச்சப்படுவார் என்று எழுதப் பார்த்தேன். அந்தக் கூச்சம் எனக்கும்தான் இருந்தது என்பதால் அப்படி எழுத முடியவில்லை. ஸ்டேட்டருக்கு எத்தனை சுற்று என்று கேட்டால் தூக்கத்தில்கூடச் சொல்வேன். எனக்கு எவ்வளவு வேண்டும் என்று கேட்டால் என் நாக்கும் புரளாது.

ஆகவே புரட்டிப் பழகினேன். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு முப்பத்தஞ்சுங்க, முப்பத்தஞ்சுங்க என்று சொல்லிப் பார்த்தேன். பாத்திரம் கழுவும்போது சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசையின்போது என்னையறியாமல் முணுமுணுத்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்தில் முழங்காலிட்டிருந்த அக்கா, “பாட்டு நம்பருங்களா?” என்று கேட்டுக்கொண்டே பாட்டுப் புத்தகத்தில் முப்பத்தஞ்சாம் பாட்டைத் தேட ஆரம்பித்தார். பூசை முடிகிறவரைக்கும் எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை.

முதலாளி ரூமுக்கு மறுபடி போன அன்று அந்தம்மா கையெழுத்துப் போட வந்திருந்தார். மேஜையின் ஓரத்தில் ஒரு கட்டுக் காகிதம். முதலாளி வழக்கம்போல, “வாங்க அம்மணி” என்றார்.

“சம்பள விசயமுங்க.”

“அதுதான் ஊட்டுக்காரர்கிட்டயே பேசியாச்சுங்களே.”

“அவருக்கு பஸ் ஓட்டத்தானுங்க தெரியும். இங்க வேலை பாக்கறது நானுங்க. சூப்பர்வைசர் வேலை பாக்கறேன். சூப்பர்வைசருக்குப் போட்டதை எனக்கும் போடோணுங்க. முப்பத்தஞ்சுங்க.”

சொல்லிவிட்டேன். தொகை முழுசாக வெளியே வந்துவிட்டது. முதலாளி மேஜை மேலிருந்த கண்ணாடிக் குண்டைக் கொஞ்ச நேரம் உருட்டினார்.

“பாக்கலாங்க அம்மணி” என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்குள் பாக்கலாம் என்றால் கிடையாது என்று பொருள். இல்லை என்ற சொல்லை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடக் கூடாது என்பதற்காக வைத்திருக்கிற சொல் அது. அதைக் கேட்டதும் எதிரில் இருப்பவர் “சரிங்க, அப்ப நான் வரட்டுங்களா” என்று கேட்க வேண்டும். “வாங்க” என்று அவர் சொல்வார். பேச்சு அதோடு முடியும். யார் மனமும் நோகாது.

நான் அந்த “வரட்டுங்களா”வைச் சொல்லவில்லை. அதற்குப் பதிலாக எதிரிலிருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். உட்காரச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வேலைக்குச் சேர்ந்த நாளுக்குப் பிறகு அந்த ரூமில் நான் உட்கார்ந்ததும் இல்லை.

முதலாளிக்கு அடுத்து என்ன செய்வதென்று தெரியவில்லை. எவ்வளவு பெரிய பாக்கி வசூலையும் சமாளிக்கிறவர், வரட்டுங்களா சொல்லாத ஒருத்தியை எப்படி அனுப்புவது என்று தெரியாமல் போனை எடுத்து யாரிடமோ வார்ப்பு விலையைப் பற்றிப் பேசினார். பேசி முடித்துப் பார்த்தார். நான் இருந்தேன். தண்ணீர் குடித்தார். அந்தம்மாவின் பேனா நின்றிருந்தது.

“இன்னும் ஏதாச்சும் இருக்குதுங்களா?”

“இல்லைங்க. அதே தானுங்க.” பிறகு மனதில் இருந்ததைச் சொன்னேன். “முடியாதுன்னாலும் பரவால்லைங்க. நான் காயில் கட்டவே திரும்பிப் போயிக்கறேன். அதுக்கு இந்தச் சம்பளம் சரிதானுங்க. சூப்பர்வைசருக்கு வேற ஆளைப் போட்டுக்குங்க. நானே கூட இருந்து வேலை சொல்லித் தாரேன்.”

மிரட்டவில்லை. உண்மையாகவே அப்படிச் செய்யத் தயாராகத்தான் இருந்தேன். அவரும் கணக்குத் தெரிந்தவர். புது ஆள் முப்பத்தஞ்சுக்குக் குறைந்து வரமாட்டான், வந்தாலும் தொழிலைக் கற்றுக்கொண்டு ஷெட் போடப் போய்விடுவான் என்பது அவருக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

“முப்பத்திரண்டு போட்டுக்கலாமுங்க” என்றார்.

“முப்பத்தஞ்சுங்க.”

“ரொம்பக் கறாரா இருக்கறீங்க அம்மணி.”

“கறாரா இருந்தாத்தானுங்க மோட்டாரு ஓடுது.”

சிரித்துவிட்டார். அவருடைய நல்ல குணம் அது, தோற்றால் முகம் சுண்டாது. “சரிங்க. சம்பள ஆர்டர் அடிக்கச் சொல்றேன். சூப்பர்வைசருன்னே போடச் சொல்றேன், போதுங்களா?” என்றார். நான் எழுந்து, இப்போது வரட்டுங்களா என்று கேட்டுவிட்டு வெளியே வந்தேன். கூலர் பக்கம் போய் ஒரு டம்ளர் தண்ணீர் பிடித்தேன்.

பின்னாலேயே அந்தம்மா வந்து நின்றார். அவரும் தண்ணீருக்கு வந்திருக்கிறார் என்று நினைத்து டம்ளரை அலசித் தண்ணீர் பிடித்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், குடிக்கவில்லை.

“ஏனுங்க,” என்றார் மெதுவாக. “ஒண்ணு கேக்கட்டுங்களா?”

“சொல்லுங்கம்மா.”

“எனக்கும் இங்க மாசாமாசம் சம்பளம் போடறாங்களாமா. ஆடிட்டர் ஊட்டுக்கு வந்தப்பப் பேசிட்டிருந்தாரு. அது எவ்வளவுன்னு உங்களுக்குத் தெரியுங்களா?”

விளையாட்டுக்குக் கேட்கிறாரோ என்று முகத்தைப் பார்த்தேன். அப்படி ஒன்றும் இல்லை.

“எனக்கு எப்படிங்கம்மா தெரியும்? எல்லாத்துலயும் கையெழுத்துப் போடறது நீங்கதானுங்களே.”

“பென்சில்ல இன்ட்டு மார்க் போட்டிருப்பாங்க. அந்த இடத்துல போடுவேன். மேல இருக்கறதைப் படிக்கறதில்லைங்க.”

“ஐயாகிட்டவே கேட்டுப்போடுங்கம்மா. உங்க சம்பளந்தானுங்களே.”

அவர் முந்தானையைச் சரிசெய்துகொண்டார். “உங்களுக்குச் செலவிருக்குது, கேட்டீங்க. எனக்குக் காரு இருக்குது, நகை இருக்குது, கேட்டதெல்லாம் வருது. உனக்கெதுக்கு அதுன்னு அவரு கேட்டா நான் என்னன்னு சொல்றதுங்க?”

அந்தம்மா மேல் எனக்கு அதுவரைக்கும் கொஞ்சம் பொறாமைகூட இருந்திருக்கிறது. அது போன இடம் தெரியவில்லை. நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து முதலாளி கூப்பிட்டார், இன்னும் நாலைந்து கையெழுத்து இருக்கிறது என்று. அந்தம்மா குடிக்காத டம்ளரை என் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போனார்.

சாயங்காலம் ஆபீஸிலிருந்து என் ஆர்டரைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். சூப்பர்வைசர் என்று இருந்தது. முப்பத்தஞ்சாயிரம் என்று எண்ணிலும் எழுத்திலும் இருந்தது. கீழே அந்தம்மாவின் கையெழுத்து, அதற்கடியில் யாரும் அழிக்காமல் விட்ட ஒரு சின்னப் பென்சில் குறி.